மூன்றாவது கை

அத்தியாயம் 7

மந்திரி நிரபராதி.

கம்ப்யூட்டர் கக்கிய நீளக் காகிதத்தை மடித்து, மறுபடி விரித்துப் பார்த்தபோது பரசுராமனுக்கு அது உறுதியாயிற்று. உறுதியானதும் வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் அவனுடைய துப்பறியும் அலுவலகம். பாய் விரித்தால் அதுவே வீடு. இப்போது பாய்க்குக்கூட இடமில்லாமல் தரையெல்லாம் காகிதம்.

"இன்னா சார், மூஞ்சி சுருங்கிப்போச்சு?" என்றாள் அவனுடைய உதவியாளர் பாஞ்சாலி. "நேத்து மந்திரி மாட்டிக்கினாருன்னு எனக்கு மசால்வடை வாங்கிக் குடுத்தீங்க."

"வடையை நீ வெச்சுக்கோ. மந்திரியை விட்டுடு. இதுவும் தப்பாக இருக்கலாம்."

"பொறக்கும்போதே அதைச் சொல்லிக்கினுதான் பொறந்திருப்பீங்க."

அவனுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. பகலில் வழக்கு, மாலையில் கிண்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு, வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பினால், விட்டுப்போன இடத்திலேயே இருக்கும் தம்ளர். இந்த அறையில் அவனோடு பேசும் ஒரே ஆள் பாஞ்சாலிதான்.

அவர்கள் கையில் இருந்தது எல்லப்பனின் வழக்கு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் இந்தப் பகுதியின் சட்டசபை உறுப்பினர். ஊர் மாடுகள் பொதுவாக மேயும் மேய்க்கால் நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்க வழிசெய்யும் மசோதா ஒன்று அப்போது வந்தது. எதிர்த்துப் பேசுவேன் என்று ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் சத்தியம் செய்துவிட்டுப் போனார். பேசவும் பேசினார். ஆனால் சபை நடவடிக்கைப் புத்தகத்தில் அவர் பேச்சின் கடைசி வரி இப்படி அச்சாகியிருந்தது: 'இம்மசோதாவை வரவேற்று, வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி அமர்கிறேன்.'

அடுத்த தேர்தலில் எதிராளிகள் அந்த ஒரு வரியை நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். எல்லப்பன் தோற்றார். அது போகட்டும். மேய்க்கால் மசோதாமீது அவர் பேசிய அதே நாளில்தான் அவர் மனைவி செங்கமலம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். பக்கத்தில் இருந்தவள் மகள் கங்கா மட்டும். நோட்டீஸைப் படித்த அன்று கங்கா அப்பாவிடம் ஒன்று கேட்டாள்: "அம்மா உசுரு போய்க்கினு இருந்தப்போ, நீ அங்க நன்றி சொல்லிக்கினு இருந்தியா?" அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒரே ஊர். இன்றுவரை பேசவில்லை.

இப்போது எல்லப்பனுக்கு நெஞ்சு வலி. இனி மாத்திரையைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பரசுராமனைத் தேடி வந்தபோது அவர் ஊருக்கு முன் நல்ல பெயர் கேட்கவில்லை. மகள் ஒருமுறை வாசற்படி ஏற வேண்டும். அதற்கு அந்த வரி தன்னுடையது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் "நீங்கள் சொல்லவில்லையா?" என்று பரசுராமன் கேட்டதற்கு அவர், "சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். எப்படி முடித்தேன் என்பதே நினைவில்லை, வெளியே வந்த பிறகுதான் மனைவி போன சேதி தெரிந்தது, அதற்கப்புறம் எல்லாம் இருட்டு என்றார். தன்னையே முழுசாக நம்பாத மனிதர். பரசுராமனுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

பரசுராமன் எடுத்துக்கொண்ட வழி யாரும் போகாத வழி. பெரிய வார்த்தைகளை மனிதர்கள் யோசித்துப் பேசுகிறார்கள். 'ஆனால்', 'மேலும்', 'அதாவது', 'ஆகவே' போன்ற சில்லறை வார்த்தைகளை யாரும் யோசிப்பதில்லை. அவை தாமாக வந்து விழும். யார் எந்தச் சில்லறையை எவ்வளவு இறைக்கிறார் என்று எண்ணினால் ஆள் அகப்பட்டுவிடுவார். எண்ணும் வேலையைக் கிண்டி வகுப்புக் கம்ப்யூட்டரிடம் விடலாம். சபைப் பேச்சுகளைப் பல ஆண்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்து, தமிழை ஆங்கில எழுத்தில் மாற்றி, ஓட்டைபோட்ட அட்டைகளாக அடித்துத் தள்ளினாள் பாஞ்சாலி. தான் அடித்த 'மாண்புமிகு'வையெல்லாம் வரிசையாக வைத்தால் சுங்குவார்சத்திரம் வரைக்கும் போகும் என்பது அவள் கணக்கு.

முதல் முடிவில், எல்லப்பன் பேச்சின் கடைசிப் பக்கம் மசோதாவைக் கொண்டுவந்த அன்றைய மந்திரியின் நடையோடு அப்படியே பொருந்தியது. மந்திரியின் ஆட்கள்தான் பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து வடை வாங்கினான். இன்றைய முடிவு அதைக் கவிழ்த்துவிட்டது. மந்திரிக்குப் பரம எதிரியான சின்னப்பையன் என்ற உறுப்பினரின் பேச்சும் பாதி அதே நடையில் இருந்தது.

"மூணு பேருக்கும் ஒரே ஆளு எழுதிக் குடுத்திருப்பான்" என்றாள் பாஞ்சாலி. "கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மேளக்காரன் போறதில்லியா?"

"சின்னப்பையன் குறுக்கே எழுந்து கத்தியதுகூட அதே நடையில் இருக்கிறது. கத்துவதை யாரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க மாட்டார்கள்."

"அப்போ எல்லப்பன் தாத்தாகிட்ட இன்னா சொல்றது?"

இருப்பதை நேரில் சொல்லிவிடலாம் என்று அவன் பையை எடுத்தான்.

எல்லப்பனின் வீடு ஒரகடத்தில், பழைய மேய்க்கால் ஓரத்தில் தனியாக நின்றது. ஒரு காலத்தில் வாசலுக்கு எதிரே புல்வெளி. இப்போது மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தின் மதில் சுவர். தொழிற்கூடத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அதில் கங்காவின் வீடு. பரசுராமனும் பாஞ்சாலியும் போனபோது எல்லப்பன் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கதவு பூட்டவில்லை. மதிலைப் பார்த்திருந்த ஜன்னலும் விரியத் திறந்திருந்தது. இரைச்சலுக்கு யாராவது ஜன்னலைத் திறந்து வைப்பார்களா என்று பரசுராமன் ஒருமுறை கேட்டிருக்கிறான். அந்தச் சத்தம் நின்றுபோனால்தான் தூக்கம் வருவதில்லை என்றார் எல்லப்பன். எந்தத் தொழிற்சாலையை வரவழைத்தார் என்று ஊர் அவரைத் தள்ளிவைத்ததோ, அதுதான் அவருக்குத் துணை.

இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது. சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.

"ஆளு மாறிட்டான்" என்றாள் பாஞ்சாலி, நகத்தைக் கடித்துக்கொண்டே.

"யார்?"

"பிரஸ்ல. இவ்ளோ நேரம் ராமன் அண்ணன். ரெண்டு அடி அடிச்சிட்டு ஒரு மூச்சு விடுவாரு. இப்போ வந்துகீறவன் மூச்சே வுடாம அடிக்கிறான் பாருங்க. டைப்பிங் படிக்கறதுக்கு முன்ன நான் இங்க பாக்கிங்ல இருந்தேன் சார். உள்ள போகாமலே, ஷிப்ட்ல யாருன்னு சொல்லிடுவோம்."

"மெஷின் அதேதானே?"

"மெஷினும் அதேதான், தகடும் அதேதான். கை வேறல்ல?"

பரசுராமன் எழுந்து நின்றான். கையில் இருந்த பை கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக அவன் மெஷினை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ண வேண்டியது கையை.

சபையில் உறுப்பினர் பேசுகிறார். ஆனால் புத்தகத்தில் இருப்பது அவர் வாயிலிருந்து நேராக வந்ததல்ல. சபையின் நடுவே உட்கார்ந்து ஒருவர் சுருக்கெழுத்தில் எடுக்கிறார். கொஞ்ச நேரம் ஆனதும் அடுத்தவர் வந்து உட்கார, முதலாமவர் எழுந்து போய்த் தான் எடுத்ததைத் தட்டச்சு செய்கிறார். பேச்சு நிற்காது; கை மட்டும் மாறும். இருமலையும் தடுமாற்றத்தையும் கொச்சையையும் துடைத்து, நல்ல தமிழாக ஒழுங்குபடுத்துவது அந்தக் கைதான். சில்லறை வார்த்தைகளை இறைப்பதும் அதுதான்.

"தப்பாக..." என்று ஆரம்பித்தான்.

"இருக்கலாம்" என்று முடித்தாள் பாஞ்சாலி. "வாங்க, கிண்டிக்குப் போயி அதையும் பாத்துடுவோம்."

இந்த முறை யார் பேசினார் என்பதையே பார்க்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி, பக்கம் பக்கமாக ஓடவிட்டான். ஷிப்ட் மாறுவது பளிச்சென்று தெரிந்தது. மந்திரி பேசினாலும் எதிர்க்கட்சி பேசினாலும், கொஞ்சப் பக்கங்களுக்கு ஒருமுறை நடை மாறியது. பிறகு அதே வரிசையில் திரும்பி வந்தது. எல்லப்பனின் கடைசிப் பக்கம் விழுந்தது மூன்றாவது கையில்.

ஆனால் அந்தக் கை யாருடையது? புத்தகத்தில் சுருக்கெழுத்தர் பெயர் கிடையாது. பரசுராமன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். மூன்றாவது கை எதை எழுதியது என்று தேடுவதை விட்டுவிட்டு, எங்கே நின்றது என்று தேடினான். 1979இல் பட்ஜெட் தொடரின் நடுவில் அது காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் இல்லை. கூட்டத்தொடரின் நடுவில் ஒரு கை நின்றுபோனால் ஒன்று சாவு, இல்லை ஓய்வு. மாலை வகுப்பில் அவனோடு படிக்கும் கோபால் பென்ஷன் பிரிவில் குமாஸ்தா. அந்த மாதம் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் ஒரே ஒருவர்தான் என்று விசாரித்துச் சொன்னான். ராஜாமணி அம்மாள். இருப்பது படப்பை.

"பொம்பளையா?" என்றாள் பாஞ்சாலி. "அதான் அத்தினி பேரும் அவ்ளோ மரியாதையா பேசிக்கீறாங்க."

அரிசி மில்லுக்குப் பின்னால், ஒரு வீட்டின் சின்னப் பகுதியில் வாடகைக்கு ராஜாமணி அம்மாள் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டிய, வெடவெடவென்ற உருவம். கதவைத் திறந்தவர், யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டைக் காட்டினார். அவரைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் பேசும்போதுகூட ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்புள்ளியோடு வந்து நின்றது.

உறுப்பினர் சொல்லாத எதையும் தாங்கள் எழுதுவதில்லை என்றார். பேச்சைச் சீர்செய்வது உண்டு, சேர்ப்பது கிடையாது. பிறகு அதன் பிரதி உறுப்பினருக்கே போகும். அவர் படித்துத் திருத்தி அனுப்பலாம். இதில் மோசடிக்கு இடமே இல்லை. பரசுராமன் சில்லறை வார்த்தைகளைப் பற்றி விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் தன்னுடைய தமிழைப் பாராட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று கேட்டார்.

பாஞ்சாலி காகிதத்தை அவர் மடியில் விரித்தாள்.

"அம்மா, இந்த சின்னப்பையன்னு ஒருத்தரு. கோவிச்சிக்கினு வெளிநடப்பு செஞ்சாருன்னு போட்டுக்கீது. அதுக்கு முன்னாடி வரியில, நன்றி கூறி அமர்கிறேன்னு சொல்றாரு. வெளிய போறவரு எதுமேல உக்காந்தாரு?"

ராஜாமணி அம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பரசுராமன் குறித்து வைத்திருந்த மற்ற இடங்களையும் பார்த்தார். மூன்றாவது கையில் முடிந்த ஒவ்வொரு பேச்சிலும், பேசியவர் யாராக இருந்தாலும், நன்றி கூறி அமர்ந்திருந்தார்.

"எல்லப்பன் பக்கத்தைக் கொடுங்க" என்றார்.

படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். மில்லின் தவிட்டு வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இவர் முடிக்கவே இல்லை" என்றார்.

"அம்மா?" என்றாள் பாஞ்சாலி.

"இந்த மேய்க்கால் போனா எங்க ஊர்ல, அப்படின்னு ஒரு வாக்கியம் ஆரம்பிச்சார். சபைச் சேவகர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நின்னுகிட்டே படிச்சார். அப்புறம் பேசலை. சபாநாயகர் ரெண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், காதில் விழலை. சீட்டை மடிச்சு ஜேபியில் வெச்சுகிட்டு வெளியே போயிட்டார்."

"சேதி வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது என்று அவரே சொல்கிறார்" என்றான் பரசுராமன்.

"எனக்குத் தெரியாது. என் எதிர்லதான் படிச்சார்."

பரசுராமனுக்கு அப்போது புரிந்தது. எல்லப்பன் அந்தப் பக்கத்தை எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பார். பேச்சை முடித்தார் என்று புத்தகம் சொல்கிறது; அப்படியானால் சேதி அதற்கப்புறம்தானே வந்திருக்க வேண்டும். அச்சில் இருந்ததற்கு ஏற்ப அந்த மனிதர் தன் நினைவையே திருத்திக்கொண்டுவிட்டார்.

"வரவேற்று என்று ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டான். குரலில் கோபமில்லை.

"அவர் பேச்சின் முன்பகுதியை எடுத்தது வேற ஆள், நான் கடைசியில்தான் வந்தேன். அவருக்கு முன்னால பேசினவங்க எல்லாரும் வரவேற்றாங்க. ஒருத்தர் பேச்சை அந்தரத்தில் விடறது எனக்குப் பிடிக்காது. நாளைக்குப் படிக்கிறவங்க இவர் திக்கி நின்னார்னு நினைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கை முடிச்சிடுச்சு. ஏதாவது தப்புன்னா அவர் திருத்தி அனுப்பட்டும்னு விட்டேன். பிரதி திரும்பியே வரலை, அப்படியே அச்சுக்குப் போயிடுச்சு." தாளை மடித்தார். "அந்தச் சீட்டில் என்ன இருந்தது?"

பரசுராமன் சொன்னான். பிரதி சென்னையில் உறுப்பினர் விடுதிக்குப் போன நாட்களில் எல்லப்பன் ஊரில் மனைவிக்குக் காரியம் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொன்னான்.

ராஜாமணி அம்மாள் எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒரகடத்துக்கு இப்போது பஸ் உண்டா என்று மட்டும் கேட்டார்.

கங்கா வீட்டு வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கிய, இறுகிய முகம். அப்பாவின் பெயரைச் சொன்னதும், தண்ணீர் வாளியைக் கீழே வைக்காமலேயே, அவரைப் பற்றிப் பேசுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றாள். பரசுராமன் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தான். சில்லறை வார்த்தைகள், கைகள், மாறும் வரிசை என்று அவன் ஒழுங்காகச் சொல்லச் சொல்ல, அவள் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், நீங்க கம்முனு இருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

ராஜாமணி அம்மாள் சொன்னார். தன் பெயரைச் சொன்னார், என்ன வேலையில் இருந்தார் என்று சொன்னார், அந்த வரியை எழுதியது தான்தான் என்று சொன்னார். மசோதாவைப் பற்றிக் கங்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சீட்டை அங்கியே படிச்சாரா?"

"நின்னுகிட்டே படிச்சார்."

"அப்பறம் பேசலியா?"

"ஒரு வார்த்தை பேசலை. ஆரம்பிச்ச வாக்கியத்தைக்கூட முடிக்கலை."

வாளி சாய்ந்து தண்ணீர் கங்காவின் காலில் கொட்டியது. அவள் நகரவில்லை. "முடிச்சிட்டுதான் வந்தாருன்னு இத்தினி வருஷமா..." என்றாள். அவளும் முடிக்கவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் காலோடு நடக்க ஆரம்பித்தாள். மதில் சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் வழி நீளமானது. மூவரும் அவளுக்குப் பின்னால், சற்று விட்டே நடந்தார்கள்.

எல்லப்பன் ஜன்னலருகே நாற்காலியில் இருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் எழ முயன்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார். கங்கா வாசற்படியில் நின்றாள்.

"கங்கா, நான் அன்னிக்கி எப்படி முடிச்சேன்னு எனக்கே..."

"நீ முடிக்கலப்பா" என்றாள் கங்கா. "அந்தம்மா பாத்துதாம். சீட்டைப் படிச்சிட்டு நீ பேசவே இல்ல."

அவர் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற அந்நிய முதியவளைப் பார்த்தார். நம்பலாமா என்று கேட்பதுபோலப் பரசுராமனையும் பார்த்தார். பரசுராமன் தலையசைத்தான். அவன் வாழ்நாளில் சந்தேகமில்லாமல் அசைத்த தலை அது ஒன்றுதான்.

கங்கா படியேறி உள்ளே போனாள். அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா கடைசியில உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொல்லுச்சு. நான் சொல்லல. உனக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்னு இத்தினி வருஷம் வெச்சிக்கினேன்."

"சொல்லும்மா."

பரசுராமன் மற்ற இருவருக்கும் கண்காட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கினான். அந்த வார்த்தைகள் எந்தக் காகிதத்திலும் ஏற வேண்டியவை அல்ல. பஸ் வரும்வரை அவர்கள் புளியமரத்தடியில் நின்றார்கள். உள்ளேயிருந்து கங்காவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை.